நான் பெண் கொடுத்த விதம்

மொன்றியலில் என்னைத் தெரியாத தமிழன் அந்தக் காலத்தில் இருக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உணவகம் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவத் தொடங்கியவன், பிறகு நகரின் நடுவிலிருந்த அலுவலகக் கட்டிடங்களைத் துப்புரவு செய்யும் கொம்பனிக்கு முதலாளியானேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் இரண்டு அடுக்குமாடிகள் வாங்கி வாடகைக்கு விட்டேன். பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. ஆனால் பிரெஞ்சு பேச என்னை வெல்ல ஆளில்லை. எங்கள் பட்டதாரிகள் வகுப்புக்கு மேல் வகுப்புப் போய் 'போன்ஷூர்', 'மெர்சி' என்ற இரண்டோடு நின்றார்கள். நான் சமையல்காரர்கள் திட்டத் திட்ட, அதே வேகத்தில் திருப்பித் திட்டிப் பழகியவன்.

கடைசியாக நகரின் ஓரத்தில் உள்ள இல்-பிசார் என்ற தீவில் வீடு வாங்கினேன். நான்கு குளியலறை, வாசலில் இருந்து ஆறு தெரியும். மனைவிதான் பார்த்துப் பிடித்தது. அவள் அந்த வீட்டில் இரண்டு பனிக்காலம்தான் இருந்தாள். நோய் வந்த வேகத்தில் எல்லாம் முடிந்தது.

அதன் பிறகுதான் அந்தத் தீவு எவ்வளவு அமைதியான இடம் என்று எனக்குத் தெரிந்தது. பஸ் எப்போதோ ஒன்று வரும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர், பனி வழிக்கும்போது கை காட்டுவார், அவ்வளவுதான். மகள்கள் இருவரும் ரொறன்ரோவில். நான் எந்தக் குளியலறையில் குளிப்பது என்று யோசித்து நேரம் போக்கிய நாட்களும் உண்டு. கொம்பனியை விற்றாகிவிட்டது. அதனால் வாடகைக்கு இருப்பவர் யாராவது தண்ணீர்க் குழாய் சொட்டுகிறது என்று போன் பண்ணினால் எனக்குச் சந்தோஷம். ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலைக்கு நானே சாமான் ஏற்றும் வானை எடுத்துக்கொண்டு போவேன்.

அப்படிப் போன ஒரு நாளில்தான் அந்த அம்மாவோடு பேச்சு வந்தது. இரண்டாம் மாடியில் குடியிருந்தவர். ஆபிரிக்காவின் நடுவே உள்ள ஒரு மலைநாட்டிலிருந்து வந்தவர். நான் அவருடைய சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலால் கீழே பார்த்தார். அவர் பேசியது பிரெஞ்சுதான். ஆனால் எனக்குள் அது எங்கள் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"உங்கடை அந்த வான் சனிக்கிழமையிலை என்ன செய்யிறது?"

"சும்மா நிக்கும்."

"நீங்கள்?"

நான் குனிந்து குழாயைப் பார்த்தேன்.

"நீங்களும் சும்மாதான் நிக்கிறியள் போல. அப்ப ரெண்டு பேருமாய் வாருங்கோ."

அவர் ஒரு விதவைகள் கூட்டத்துக்குத் தலைவி. அவர்கள் நாட்டில் நடந்த கொலைகளில் புருஷன்மாரைப் பறிகொடுத்த பெண்கள், தாய் தகப்பனில்லாமல் அவர்களோடு வந்து சேர்ந்த பிள்ளைகள். பக்கத்துத் தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். மொத்தச் சந்தையில் மிஞ்சும் மரக்கறியையும் அரிசி, பீன்ஸ் மூட்டைகளையும் கொண்டுவந்து பிரித்துக்கொள்வார்கள். வான் இல்லாததால் அதுவரை மெட்ரோவில் சுமந்திருக்கிறார்கள். நான் போன பிறகு அந்த அறையின் நிலையே மாறிப்போனது. எரியாத விளக்கு எரிந்தது. சூடேற்றும் குழாய் இரைச்சலை விட்டது. படிக்கட்டில் பனி வழித்து உப்புப் போட்டேன். நான் இல்லாமல் அந்தக் கூட்டம் எப்படி நடந்ததோ தெரியாது என்று அவர்களிடமே சொன்னேன். "நடந்தது, நடந்தது" என்று தலைவி சிரித்தார். என்னைத் 'தொந்தோன்' என்று கூப்பிட்டார்கள். மாமா என்று அர்த்தம்.

எங்கள் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. மூலைக்கடை வைத்திருந்த நண்பன் ஒருவன், ஊரிலிருந்தே பழக்கம், கல்லாவுக்குப் பின்னால் இருந்து கேட்டான்.

"அண்ணை, தொண்டு செய்யிறதெண்டால் எங்கடை சனம் இல்லையோ? ஆபிரிக்கா வரைக்கும் போகவேணுமோ?"

"ஆபிரிக்கா உன்ரை கடையிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கு."

"கோயிலுக்கு வந்து ஒரு மூட்டை தூக்க மாட்டியள்."

"கோயிலிலை எனக்குப் பொன்னாடை போர்த்துவினம். சாப்பாடு போட்டுப் பக்கத்திலை ஆர் இருப்பினம்?"

உள்ளதைத்தான் சொன்னேன். அந்த நிலக்கீழ் அறையில் வேலை முடிந்ததும் பீன்ஸும் வாழைக்காயும் கீரையுமாய் ஒரு பெரிய சட்டியில் வரும். நான் நடுவில் இருந்து சாப்பிடுவேன். கிழமையில் அந்த ஒரு நேரம்தான் நான் இன்னொருவர் மெல்லும் சத்தம் கேட்டுச் சாப்பிட்டது.

அங்கே ஒரு பெண் இருந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய வீட்டில் எல்லாரும் போய்விட்டார்கள். இவர்களில் ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். பிறகு எல்லாருமாய் வளர்த்தார்கள். ஒருத்தி பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போனாள், ஒருத்தி தலை பின்னினாள், ஒருத்தி காய்ச்சலுக்கு முழித்திருந்தாள். இப்போது முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தாள். நான் மூட்டை தூக்கும்போது எதிர்ப்பக்கம் வந்து பிடிப்பவள் அவள்தான். "முதுகை வளைக்காதேங்கோ தொந்தோன், முழங்காலை வளையுங்கோ" என்று அதிகாரம் பண்ணுவாள். என்னை அதிகாரம் பண்ண அப்போது வேறு ஆள் இருக்கவில்லை.

அவளை ஒட்டாவாவில் இருந்த ஒரு பையன் விரும்பினான். அவர்கள் நாட்டவன்தான். அவன் வீட்டார் பெண் கேட்டு வருவதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு அறையில் ஒரே ஆரவாரம், உடனேயே ஒரே கவலை. அவர்கள் வழக்கத்தில் பெண் கேட்பதென்றால் சபை கூடவேண்டும். இரண்டு பக்கமும் எதிரெதிரே இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் பேசுவதற்கு ஒவ்வொரு பெரிய மனிதர் வேண்டும். மாப்பிள்ளை பக்கத்து ஆள் பெண்ணைக் கேட்பார். பெண் பக்கத்து ஆள் இலேசில் கொடுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் பெண்ணே இல்லை என்பார், வழி தவறி வந்துவிட்டீர்கள் என்பார், நக்கல் அடிப்பார், தன் குடும்பத்தைப் பற்றிப் புளுகுவார். கடைசியில் பெண்ணுக்குப் பசு கேட்பார். நாடு விட்டு வந்த பிறகு பசு வெறும் பேச்சில்தான். ஆனாலும் கேட்கவேண்டும், அவர்கள் தருகிறோம் என்று எழுந்து நின்று சொல்லவேண்டும். கேளாமல் கொடுத்த பெண் என்றால் புகுந்த வீட்டில் அது சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டும் பேச்சு.

பெண் பக்கத்தில் பேச ஆண் இல்லை. இருந்த ஒன்றிரண்டு கிழவர்களும் மாப்பிள்ளைக்கு உறவு.

தலைவி என்னைப் பார்த்தார். "புளுகத் தெரிஞ்ச ஆள் வேணும். எங்களுக்கு ஒராள் இருக்கிறார்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "நான் நிக்கக்கூடாது. தாரம் இழந்தவன்" என்றேன்.

அவர்களுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். அதற்கு முந்தின வருடம் என் இளைய மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ரொறன்ரோவில் பெரிய மண்டபம், நான் பிடித்தது. மணவறை, பூ, மேளம், சாப்பாடு எல்லாம் நான் சொன்ன இடத்தில். ஆனால் கன்னிகாதானம் செய்யத் தம்பதியாக இருக்கவேண்டும் என்றார் ஐயர். என் தம்பியும் அவன் மனைவியும் ஏறி இருந்தார்கள். மகளின் கையைத் தம்பி பிடித்துக் கொடுத்தான். நான் வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கல்கண்டுத் தட்டை நீட்டினேன். மேளம் கெட்டியாக அடித்தபோது தாலி கட்டுகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு முன்னால் வந்தவர்களின் தலைதான் தெரிந்தது. ஐயர்மேல் பிழையில்லை, வழக்கம் அப்படி. மகளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் சொல்லி முடித்தேன். பிறகு ஒரு கிழவி, கூட்டத்தில் எல்லாருக்கும் மூத்தவர், கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"அப்பிடிப் பாத்தால் இந்த அறையிலை ஆரும் ஒரு பிள்ளையின்ரை தலையைக்கூடத் தொட ஏலாது. இஞ்சை சோடியாய் நிக்கிறது சுடுதண்ணிக் குழாயும் பச்சைத்தண்ணிக் குழாயும் மட்டும்தான்."

சிரிப்பு அந்த நிலக்கீழ் அறையை நிரப்பியது. நானும் சிரித்துவிட்டேன். அத்தோடு அது முடிவாகிவிட்டது.

அன்று அந்தப் பெண்ணை வேலைக்கு இறக்கிவிடப் போனேன். வானுக்குள் அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாள். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"தொந்தோன், எனக்கு ஆளில்லை எண்டு அவைக்குத் தெரியும். குறைச்சுத்தான் சொல்லுவினம். கூடக் கேளுங்கோ."

"என்னட்டை விடு பிள்ளை. பேரம் பேசி இந்த ஊரிலை என்னை ஆரும் வெண்டதில்லை."

"வெல்லவேண்டாம். கேட்டால் போதும்."

அந்த நாள் வந்தது. கோட்டு சூட்டுப் போட்டேன். அறையில் கதிரைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே போட்டோம். எங்கள் பக்கம் விதவைகள், தோளில் முடிந்த நீளத் துணிகளோடு, எல்லா நிறத்திலும். அந்தப் பளபளப்புக்கு நடுவில் நான் ஒருவன்தான் கறுப்பு உடுப்பில் இருந்தேன். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார். அவர்களுக்காகப் பேச வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர், கையில் தடி, நல்ல உயரம். பெண்ணைப் பக்கத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். முடிவாகும்வரை அவள் வெளியே வரக்கூடாது. கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை என்பது எனக்குத் தெரியும், தாழ்ப்பாளைப் பொருத்தியவனே நான்தான். அது ஒரு விரலளவு திறந்து நிற்கும்.

ஆசிரியர் எழுந்தார். "இந்த வீட்டிலை ஒரு நல்ல பூ இருக்கெண்டு கேள்விப்பட்டு வந்தம்."

"பூக்கடை அடுத்த தெருவிலை" என்றேன்.

எங்கள் வரிசை கைதட்டியது.

"நாங்கள் ஒட்டாவாவிலை இருந்து வாறம். நாட்டின்ரை தலைநகரம்."

"தலைநகரமோ? அங்கை இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒரு கோப்பிகூடக் கிடையாதாமே. பிள்ளை பசியிலை கிடந்து வாடுறதோ?"

அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு ஏறிவிட்டது. என் கட்டிடங்களைச் சொன்னேன், கொம்பனியைச் சொன்னேன், இந்த வீட்டுப் பிள்ளை இருபது மாடியையும் துடைக்க வல்லவள், ஆனால் துடைக்கத் தேவையில்லாதவள் என்றேன். வாழ்நாள் முழுக்க நான் புளுகினால் சனம் முகத்தைத் திருப்பும். அன்றைக்கு ஒரு சபையே குனிந்து என் வாயைப் பார்த்தது.

ஆசிரியர் தடியை ஊன்றி நிமிர்ந்தார். "சரி. தோத்துப்போனம். இப்ப சொல்லுங்கோ, இந்தப் பிள்ளைக்கு என்ன கேக்கிறியள்?"

அங்கேதான் என் வாய் என்னை விட்டுப் போனது. பெண்ணைப் பெற்றவன் ஒரு சபையில் நிமிர்ந்து நின்று என்ன சொல்வான் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். என் தகப்பன் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், இரண்டு முறை நானே சொல்லியிருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். பிள்ளையோடை நாங்கள்தான் தருவம். வீட்டுச் சாமான் முழுக்க. மாப்பிள்ளைக்கு ஒரு புதுக் கார்."

கைதட்டலை எதிர்பார்த்து நின்றேன். எங்கள் வரிசையைப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தலைவி என் கோட்டு நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஆசிரியர் உண்மையிலேயே குழம்பிப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன், பிள்ளைக்கு ஏதும் குறையோ?"

பக்கத்து அறையின் கதவு மெல்ல முழுக்கச் சாத்துப்பட்டது.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பேரத்தில் சறுக்குவது எனக்குப் புதிதில்லை, சறுக்கினால் எழும்பவும் தெரியும். ஆனால் இது பேரம் இல்லை. ஆளில்லாத பிள்ளை ஒரேயொரு காரியம் என்னிடம் கேட்டது, கூடக் கேளுங்கோ என்று. நான் அவளை ஒன்றுமில்லாமல் கொடுத்ததோடு, கூலி கொடுத்து அனுப்புகிறவன்போல நின்றேன்.

நான் கதிரையில் இருக்கவில்லை. கோட்டிலிருந்து தலைவியின் கையை எடுத்துவிட்டேன்.

"குறையோ? குறை என்னிலை. கேளுங்கோ. என்ரை நாட்டிலை பெண்ணைப் பெத்தவன் வீட்டைக் குடுத்து, காரைக் குடுத்து, பேந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிப்பான். நானும் குடுத்தன். அவ்வளவும் குடுத்தும், என்ரை பிள்ளையை என்ரை கையாலை குடுக்க எனக்கு உரிமை இருக்கேல்லை, ஏனெண்டால் என்ரை மனிசி செத்துப்போனா. உங்களுக்கு என்ன வேணும் எண்டு இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் நீங்கள் கேட்டியள். பழக்கமில்லாதவன், வாய் பழைய பாதையிலை போட்டுது. திருப்பிக் கேளுங்கோ ஐயா."

ஆசிரியர், முதலில் இருந்து தொடங்குகிறவர்போல, தொண்டையைச் செருமித் தடியைத் தட்டினார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன கேக்கிறியள்?"

"எங்கடை வரிசையைப் பாருங்கோ. இந்தப் பிள்ளைக்குத் தாய் இல்லையெண்டு ஆரும் சொல்லியிருந்தால் பொய். இதிலை இருக்கிற ஒவ்வொருத்தரும் தாய். வளத்த ஒவ்வொரு தாய்க்கும் ஒவ்வொரு பசு. எண்ணிப் போட்டுச் சொல்லுங்கோ."

அவர் தடியை நீட்டி எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி நெற்றியில் கைவைத்தார். "இவ்வளவு மாடு எங்கடை மலையிலையே இல்லையே!"

"அடுத்த மலையிலை கடன் வாங்குங்கோ."

"மொன்றியலிலை மாடு கட்ட விடமாட்டினம்."

"இல்-பிசாரிலை என்ரை வீட்டைச் சுத்திப் புல்லுத்தான். ஒவ்வொரு கோடையும் வெட்டி வெட்டிக் கை வலிக்குது."

சபை வெடித்துச் சிரித்தது. கீரை ஆய்ந்த கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு குரவைபோல ஒரு நீண்ட குரல் எழுப்பினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் தலைசேர்த்துப் பேசினார்கள். ஆசிரியர் எழுந்து, அத்தனை பசுவும் தந்தோம் என்று உரத்துச் சொன்னார்.

தலைவி இருந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தினார். "இன்னும் ஒண்டு. இவருக்கு."

"எனக்கு எதுக்கு" என்றேன்.

"வாயை மூடிக்கொண்டு வாங்குங்கோ. திரும்பவும் கெடுத்துப்போடாதேங்கோ."

அப்படி எனக்கும் ஒரு பசு கிடைத்தது. பானையில் சோளக் கள்ளைப்போல ஒன்றை ஊற்றி, இரண்டு நீளக் குழல்களை வைத்து, ஆசிரியரும் நானும் ஒரே பானையில் உறிஞ்சினோம். எங்கள் ஆட்கள் கண்டால் எச்சில் என்பார்கள். நான் இரண்டாம் முறையும் உறிஞ்சினேன். பிறகு கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். எல்லாரையும் விட்டு முதலில் என் முன்னால் வந்து, இரண்டு கையாலும் என் முழங்கையைத் தொட்டு நின்றாள். அழுதிருந்தாள் என்று தெரிந்தது. "முழங்காலை வளை" என்றேன். சிரித்தாள்.

கல்யாணம் முடிந்து அவள் ஒட்டாவாவுக்குப் போனாள். பெண் கொடுத்தவன் அழைக்காமல் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். எங்களிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆரம்பத்தில் அடிக்கடி போன் எடுத்தாள். பிறகு வேலை, குடும்பம். சனிக்கிழமைகளில் மூட்டையின் எதிர்ப்பக்கத்தை வேறு யாராவது பிடித்தார்கள். யாரும் அதிகாரம் பண்ணவில்லை. நான் முதுகை வளைத்தே தூக்கினேன். என்னைத்தான் சுளுக்குப் பிடித்தது.

இல்-பிசாரில் பனி விழத் தொடங்கியது. ஆறு உறைந்தது. இளைய மகளுக்குப் போன் எடுத்து, நான் ஒரு சபையில் எழும்பி நின்று ஒரு பெண்ணைக் கொடுத்தேன் என்று சொன்னேன். "அப்பா, அண்டைக்கு நீங்கள் வாசலிலை நிண்டதை நான் பாத்தனான்" என்றாள். அதற்கு மேல் அவளும் போகவில்லை, நானும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைக்குக் குளிக்க வார்க்கவேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை தலைவி என் முகத்தைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார். பெண்ணுக்காக வந்த பசு கன்று போட்டால், ஒரு கன்றை அந்தத் தம்பதிக்குக் கொடுக்கவேண்டுமாம். பெண் வீட்டார் அறிவிப்பார்கள், அவர்கள் வந்து பெற்றுக்கொண்டு போவார்கள். இரண்டு வீடும் போக்குவரத்து விட்டுப்போகாமல் இருக்கிறது அப்படித்தான்.

"எப்ப கன்று போடும்?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் ஆகும். ஏன், உங்கடை பசுவுக்கு அவசரமோ?"

நான் மூட்டையை இறக்கினேன். அவர் சிரித்தபடி அடுத்த மூட்டையைப் பிடித்தார்.

மறுநாள் ஞாயிறு. விடியச் சாப்பிட்டு முடித்து ஒட்டாவாவுக்குப் போன் எடுத்தேன். அவள்தான் எடுத்தாள்.

"பிள்ளை, நான் தொந்தோன். பசு கன்று போட்டிருக்கு."

விளையாட்டு என்று நினைத்துவிட்டாளோ, வழக்கத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று யோசித்தேன். எனக்காக அவளிடம் நான் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு கெதியாயோ?" என்றாள்.

"நல்ல சாதிப் பசு."

"என்ன நிறம்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன். "வெள்ளை" என்றேன்.

அவள் புருஷனைக் கூப்பிட்டு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவன் சிரிக்கும் சத்தமும் கேட்டது. திரும்பி வந்தாள்.

"தொந்தோன், இப்ப றோட்டு மோசம். இவருக்கும் சனி ஞாயிறு வேலை. பனி முடிய ரெண்டு பேருமாய் வாறம், கன்றைக் கொண்டுபோக. ஓமோ?"

"ஓம். ஓம்."

"அதுவரைக்கும் பாலைக் கறக்காதேங்கோ. கன்று குடிக்கட்டும்."

"சரி."

"வெளியிலை விடாதேங்கோ, குளிர். நீங்களும் தொப்பி போடாமல் வெளியாலை போகாதேங்கோ."

"சரி" என்றேன்.

அவள் வைத்த பிறகும் நான் போனைக் காதில் வைத்திருந்தேன். அது மாசி மாதம். இங்கே பனி போக இன்னும் நெடுநாள் இருந்தது. ஒரு கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.